மானின் ‘ரட்’: மதப்பருவம் எனலாமா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

அமெரிக்க வெண்வால் மான்கள் இணைசேரும் பருவமான ‘ரட்’டுக்கு (rut) தமிழ்ச் சொல்லாக முன்மொழியப்பட்ட ‘கூதிர்ப் புணர்ச்சி’ எனக்கு உடன்பாடில்லை. கூதிர் என்பது ஐப்பசி, கார்த்திகை. அமெரிக்காவின் வடக்கே பென்சில்வேனியா, மிச்சிகன் பக்கம் அது பொருந்தும். அங்கே நவம்பர் நடுவில்தான் உச்சம். ஆனால் தெற்கு டெக்சாஸில் டிசம்பர், அலபாமாவின் பெரும்பகுதியில் ஜனவரி. தென் புளோரிடாவிலோ ஜூலை, ஆகஸ்டிலேயே தொடங்கிவிடுகிறது. அதே மாநிலத்தின் வடமேற்கு மூலையில் பிப்ரவரியிலும் நடக்கிறது. சொல்லுக்குள்ளேயே மாதத்தைப் பூட்டினால், அதை நம்பிக் காட்டுக்குள் போகும் வேட்டைக்காரர் ஏமாந்துபோவார்.

பகல் குறுகுவதைக் கண்டே மானின் உடல் மாறுகிறது. குளிரோ நிலவோ காரணமில்லை. வடக்கே, சுமார் 200 நாள் சினைக்குப் பின் மே இறுதியிலோ ஜூனிலோ குட்டி விழ வேண்டும். பிந்திப் பிறந்த குட்டி அடுத்த பனிக்காலத்தைத் தாங்காது. தெற்கே அந்த நெருக்கடி இல்லாததால் காலம் பரந்து கிடக்கிறது. அலபாமாவிலேயே, வடக்கிலிருந்து கொண்டுவந்து விடப்பட்ட மான்களின் வழிவந்தவை இன்றும் நவம்பரில்தான் இணைசேர்கின்றன.

ஆண்மான் கலை, பெண்மான் பிணை என்பதால் ‘கலைவேட்கை’, ‘பிணைவேட்கை’ என்று எழுதிப் பார்த்தேன். முன்னது இசை, நாட்டியத்தின் பக்கம் இழுக்கிறது. பின்னதை நாளிதழ் வாசகர் ஜாமீன் என்றே படிப்பார். ‘மான்மதம்’ கஸ்தூரிக்கு உரிய பெயர். ‘சினைப்பருவம்’, அதாவது சேர்க்கைக்கு இசையும் நிலை, பிணைக்கு மட்டுமே உரியது. அது ஒன்றிரண்டு நாளில் முடிந்துவிடும், கருத்தரிக்காவிட்டால் ஏறக்குறைய 28 நாள் கழித்துத் திரும்பும். கலையின் நிலையோ வாரக்கணக்கில் நீடிப்பது.

கழுத்துப் பருத்த கலை, தாழ்ந்த கிளைக்கடியில் குளம்பால் மண்ணைப் பறிக்கிறது. பின்னங்கால்களை ஒட்டிவைத்து அவற்றின்மேலேயே சிறுநீர் விடுகிறது. கிளையில் முகத்தை உரசுகிறது. மேய்ச்சலை மறந்து, உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்குவரை இழக்கிறது. இதற்கு ‘மதம்’ என்பதைவிடப் பொருத்தமான வேர் நம்மிடம் இல்லை. யானையின் மதம் ஆளுக்கொரு காலத்தில் வரும்; மானுக்கு அந்தந்த வட்டாரத்தின் பருவம் உண்டு. ஆகவே ‘மதப்பருவம்’; அதன் உச்சம் ‘மதப்பருவ உச்சம்’. சமயத்தோடு குழம்பும் என்பதை நான் ஏற்கவில்லை. ‘மதயானை’ என்று படித்து எவரும் கோயிலை நினைப்பதில்லை.

இன்னொரு சொல்லும் தேவை. சினைப்பருவத்திலுள்ள பிணை ஒன்றைக் கண்டதும் கலை அதைவிட்டு அகலாமல் புதருக்குள் ஒன்றிரண்டு நாள் கிடக்கும். காடே வெறிச்சோடியதுபோல் தெரியும். ‘இணைக்காவல்’ சரியாக வருமா?