வலம்புரிச் சங்கு ஏன் இவ்வளவு அரிது? என்னிடம் இருப்பது அசலா?

வெள்ளவத்தைப் பிள்ளை:
வணக்கம். அம்மாவின் அறுபதாவது பிறந்தநாளுக்குச் செட்டியார் தெருப் பக்கம் ஒரு கடையில் வலம்புரிச் சங்கு வாங்கினேன். ஒரு வருடமாகச் சேர்த்த காசு. "லட்சத்தில் ஒன்று தம்பி" என்றார் கடைக்காரர். ஆனால் அதே அலமாரியில் இன்னும் ஐந்து இருந்தன. அதிலிருந்து மனம் ஆறவில்லை. அப்பப்பா மன்னாரிலிருந்து கொண்டுவந்த சாதாரண சங்கும் வீட்டில் இருக்கிறது. அசலை எப்படிக் கண்டுபிடிப்பது? அப்புறம், அசல் ஏன் அரிது? கடலுக்கு இடமும் வலமும் ஒன்றுதானே.

சிலாபத்துறையான்:
தம்பி, சங்கின் வாய்க்குள் விரலை விட்டு நடுத்தண்டைத் தடவிப் பாருங்கள். எங்கள் கடல் சங்கென்றால் மூன்று நான்கு மடிப்பு வரிவரியாகத் தட்டுப்படும். வழுவழுவென்று இருந்தால் அது மெக்சிகோ வளைகுடாப் பக்கத்துச் சங்கு. அந்த இனமே அப்படித்தான் சுருளும், அதனால்தான் அலமாரி நிறைய வைக்க முடிகிறது.

பயோ ரீச்சர்:
இரண்டாவது கேள்வி எனக்கு மிகவும் பிடித்தது, ஏ.எல். வகுப்பில் ஒவ்வொரு வருடமும் இதில் நின்றுவிடுவேன். முதலில் பெயர்க் குழப்பம். நாங்கள் வலம்புரி என்பதை விஞ்ஞானிகள் இடஞ்சுழி என்பார்கள். அவர்கள் கூர்ச்சுருளை மேலே வைத்துப் பார்க்கிறார்கள், நாங்கள் தலைகீழாகப் பிடிக்கிறோம். பொருள் ஒன்றுதான்.

முட்டை நான்கு கலத்திலிருந்து எட்டாகும்போதே எந்தப் பக்கம் என்பது முடிவாகிவிடுகிறது. குளத்து நத்தையில் அதைத் தீர்மானிப்பது குஞ்சின் மரபணு அல்ல, தாயின் மரபணு. அமெரிக்க மரபியலாளர் ஸ்டர்டிவன்ட் 1923இல் இதை விளக்கினார். 2019இல் ஜப்பானில் ஒரே ஒரு மரபணுவை முடக்கி, வலஞ்சுழி நத்தையிலிருந்து இடஞ்சுழிக் குஞ்சுகளைப் பெற்றார்கள்.

சரி, ஏன் பெருகவில்லை? பல நத்தைகளில் இனப்பெருக்க உறுப்புகள் உடலின் ஒரே பக்கம் இருப்பதால், எதிர்ப்பக்கம் சுருண்டதுக்குச் சோடி சேர்வதே பெரும்பாடு. சிறுபான்மையாக இருப்பதே அதுக்குத் தண்டனை. 2016இல் லண்டனில் ஒரு குப்பைக் குவியலில் ஜெரமி என்ற இடஞ்சுழி நத்தை கிடைத்தது. அதுக்கு இன்னொரு இடஞ்சுழியைத் தேடி ஊர் உலகமெல்லாம் கேட்டார்கள். கடைசியில் குஞ்சு பொரித்தபோது எல்லாமே வலஞ்சுழி! ஜெரமி வளர்ச்சியில் நேர்ந்த தவறு, பரம்பரை இல்லை.

ஆனால் சிறுபான்மை வெல்லும் இடமும் உண்டு. ஜப்பானின் தென்தீவுகளில் நத்தை தின்னும் பாம்பு ஒன்றுக்கு வலத் தாடையில் ஏறக்குறைய 25 பல், இடப்பக்கம் 18தான். வலஞ்சுழி நத்தையைப் பிடுங்கவே அமைந்த வாய் அது. இடஞ்சுழி வந்தால் பிடி நழுவிவிடும். அங்கே இடஞ்சுழி நத்தைகள் பெருகியிருக்கின்றன.

வெள்ளவத்தைப் பிள்ளை:
ரீச்சர், அண்ணா, இருவருக்கும் நன்றி. இப்போதுதான் சாமி அறையில் தடவிப் பார்த்தேன். வாங்கியதில் ஒரு வரிகூட இல்லை. அப்பப்பாவின் சங்கில் மூன்று மடிப்பு, மூன்றாவது நகம் பதிகிற அளவுக்குப் புடைப்பு. அம்மாவைக் கூப்பிட்டு அவர் விரலையும் வைத்துக் காட்டினேன். பாலால் கழுவி அதையே நடுவில் வைத்துவிட்டார்.