ஆளுநராக இருந்தவர்தான் வெல்வாரா?

உட்லண்ட்ஸ் கணக்கர்:
ஓய்வு பெற்றபின் எனக்கொரு பைத்தியம். அமெரிக்க அதிபர் வேட்பாளர்களின் முந்தைய பதவிகளை நோட்டுப் புத்தகத்தில் கட்டம் போட்டு எழுதுகிறேன். 1976 முதல் 2004 வரை எட்டுத் தேர்தல்கள். ஏழில் வென்றவர் முன்பு மாநில ஆளுநராக இருந்தவர். விதி அகப்பட்டுவிட்டது என்று தேக்கா தேநீர்க் கடையில் பீற்றிக்கொண்டேன். 2008இல் செனட்டர் ஒபாமா வென்றதை விட்டுவிடலாம். 2012இல் முன்னாள் ஆளுநர் ராம்னி அவரிடமே தோற்றார். 2016இல் அரசுப் பதவியோ ராணுவப் பணியோ பார்த்திராத டிரம்ப்! என் கட்டத்தில் அவருக்கு இடமே இல்லை. வெல்பவரை முன்கூட்டியே கணிக்க வேறு வழி உண்டா?

ஈசூன் வாசி:
அண்ணே, தோற்றவர்களையும் எழுதினீர்களா? 1980இல் ரீகன், கார்ட்டர் இருவருமே ஆளுநராக இருந்தவர்கள். 1988இல் டுகாக்கிஸ் ஆளுநர் பதவியில் இருந்தபடியே தோற்றார். வென்றவர்களை மட்டும் எண்ணினால் எந்த விதியும் பொருந்தும்.

பழைய வாக்காளர்:
நம் சிங்கப்பூர் அதிபர் தேர்தலில் பின்னணிதான் நுழைவுச்சீட்டே. இப்போது தனியார் துறையிலிருந்து வருபவர் 50 கோடி வெள்ளி பங்குதாரர் மூலதனமுள்ள நிறுவனத்தை நடத்தியிருக்க வேண்டும். 2011இல் டான் என்ற குடும்பப் பெயருள்ள நால்வர் நின்றார்கள். முன்னாள் துணைப் பிரதமர் டோனி டான் 35.2 விழுக்காடு, மருத்துவரும் முன்னாள் நாடாளுமன்ற உறுப்பினருமான டான் செங் போக் 34.85. எந்தக் கட்டம் இதைச் சொல்லும்?

உட்லண்ட்ஸ் கணக்கர்:
தோற்றவர்களை எழுதவில்லை, ஒப்புக்கொள்கிறேன். நாளை புது நோட்டு வாங்குகிறேன். தேக்காவில் யாரிடமும் சொல்லிவிடாதீர்கள்.