ரத்தக்காட்டேரி நாவல் மாதிரி தமிழ்ல என் வயசுக்கு என்ன இருக்கு? ஆத்தாகிட்ட எப்படிச் சொல்லிப் புரியவைக்கிறது?

பட்டாலை_வாசகி கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். எனக்கு 16 வயசு, பிளஸ் ஒன் படிக்கிறேன். ஊர் காரைக்குடிக்குப் பக்கம். நாங்க நகரத்தார், அம்மாவை ஆத்தான்னும் அப்பாவை அப்பச்சின்னும் அக்காவை ஆச்சின்னும் கூப்பிடுவோம். பத்தாவது பரீட்சை முடிஞ்ச லீவுல, சென்னையில இருக்கிற அம்மான் வீட்டு ஆச்சி வந்தப்போ ட்விலைட்ங்கிற ரத்தக்காட்டேரிக் காதல் நாவல் வரிசையில முதல் புத்தகத்தைக் கொடுத்துட்டுப் போனாங்க. அதுவரைக்கும் நான் இங்கிலீஷ்ல பாடப்புத்தகம் தவிர எதுவும் படிச்சதில்ல. அகராதியை மடியில வச்சுக்கிட்டு ஒன்பது நாள்ல முடிச்சேன். இப்ப நாலு புத்தகமும் முடிஞ்சது, மூணாவதை ரெண்டு தடவை. அப்புறம் டிராகுலாவும் படிச்சேன், அதுக்கு மட்டும் ஒரு மாசம் ஆச்சு.

பயப்படுறதுக்காகத்தான் படிக்கிறேன்னு எல்லாரும் நினைக்கிறாங்க. எனக்குப் பிடிச்சது பயம் இல்ல, விதிகள். 1897ல வந்த டிராகுலாவுல, வீட்டுக்குள்ள இருக்கிற யாராவது ஒருத்தர் கூப்பிட்டாத்தான் ரத்தக்காட்டேரியான அவன் உள்ள வர முடியும். கண்ணாடியில அவன் உருவம் விழாது. 2005ல ட்விலைட் எழுதின ஸ்டீஃபனி மேயர் இந்த ரெண்டு விதியையும் எடுத்துட்டாங்க. அவங்க கதையில வர்ற ரத்தக்காட்டேரிங்க மேல வெயில் பட்டா எரியமாட்டாங்க, வைரம் மாதிரி மின்னுவாங்க. ஜனங்க பார்த்தா தெரிஞ்சுபோயிடும். அதனாலதான் அந்த ரத்தக்காட்டேரிக் குடும்பம் அமெரிக்காவோட வாஷிங்டன் மாநிலத்துல எப்பவும் மழையும் மேகமுமா இருக்கிற ஃபோர்க்ஸ்ங்கிற ஊர்ல போய் இருக்கு. ஒரே ஒரு விதியை மாத்தினதும் கதை நடக்கிற ஊரே மாறுது பாருங்க! அதைக் கண்டுபிடிச்ச அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே வரல.

அன்னையிலேருந்து எங்க வீட்டைப் பார்க்கிறப்பல்லாம் இந்த நினைப்புதான். பெரிய வீடு, பதினோரு புள்ளிக்கு, அதாவது பதினோரு குடும்பத்துக்குப் பாத்தியம். வளவுங்கிற உள்முற்றத்தைச் சுத்தி ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு அறை, எல்லாம் பூட்டியே கிடக்கும். கல்யாணம், இல்ல முன்னோர்களுக்குப் படைச்சுக் கும்பிடுற படைப்புன்னாதான் திறப்பாங்க. நாங்க மட்டும் இரண்டாங்கட்டுல இருக்கோம். வளவு வாசலைத் தவிர வெயில் விழுற இடமே கிடையாது. முகப்புல ஒரு பெல்ஜியம் கண்ணாடி இருக்கு, ஆள் உசரம். கீழ்ப்பாதியில ரசம் போய்க் கறுப்புக் கறுப்பாத் திட்டு விழுந்திருக்கும். நான் நேரா நின்னா தலையும் தோளும் தெரியும். கழுத்துக்குக் கீழ அங்கங்கே நான் இருக்கமாட்டேன். அந்தக் கண்ணாடிக்கு முன்னாடி நின்னுதான் டிராகுலாவோட கண்ணாடிக் கட்டத்தைப் படிச்சேன். அப்புறம் நம்ம ஊர்ல யார் படியேறினாலும் "வாங்க"ன்னு சொல்லிடுவோம். சொல்லலேன்னாதான் மனஸ்தாபம். அப்படிப்பட்ட வீட்டு வாசல்ல அவன் வந்து நின்னா என்ன ஆகும்? இதை யாராவது எழுதியிருக்காங்களா?

இன்னொண்ணு சொல்லணும். ட்விலைட் கதையில வர்ற எட்வர்டுக்கு 1918லேருந்து 17 வயசு. ஸ்பானிஷ் காய்ச்சல்ல சாகக் கிடக்கும்போது ரத்தக்காட்டேரியா மாத்தப்பட்டவன். எங்க வீட்டுப் படைப்புல நாங்க கும்பிடுறவங்கள்ல ஒருத்தவங்க, கல்யாணம் ஆகறதுக்கு முன்னாடி அம்மை போட்டுத் தவறிப்போனவங்க. அவங்களுக்கும் 17 வயசுதானாம். வருஷாவருஷம் பெட்டியிலேருந்து அவங்க சேலையை எடுத்து வச்சு, இலை போட்டுக் கும்பிடுறோம். அப்பத்தாவுக்கு 81 வயசு. அவங்க விழுந்து கும்பிடுறது 17 வயசுப் பொண்ணை. போன படைப்புல அதைப் பார்த்து நான் அழுதுட்டேன். ஏன்னு யார்கிட்டயும் சொல்லத் தெரியல.

காலாண்டுப் பரீட்சையில கணக்குல மார்க் குறைஞ்சதும் ஆத்தா நாலு புத்தகத்தையும் எடுத்து இரும்புப்பெட்டிக்குள்ள வச்சுப் பூட்டிட்டாங்க. "படைப்பு வீட்டுல இருந்துக்கிட்டுக் காத்துக் கருப்புக் கதையெல்லாம் படிக்கப்படாது"ங்கிறாங்க. பள்ளிக்கூட நூலகத்துல கேட்டேன், "படிக்கிற பிள்ளை இதையெல்லாமா கேக்கிறது?"ன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. அப்பச்சி இதுல எதுவும் பேசமாட்டாங்க.

தமிழ்ல என்ன படிக்கலாம்னு சொல்லுங்க. ஆத்தாகிட்ட என்ன சொல்லலாம்னும் சொல்லுங்க.

தேவகோட்டை_டீச்சர் பதில்:

பட்டாலை வாசகிக்கு, நீ விதிகளைப் பிடித்துக்கொண்டு படிக்கிறாய் என்பதைப் பார்த்து எனக்கு ரொம்பச் சந்தோஷம்மா. இருபத்திரண்டு வருஷமாகத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன், இப்படிக் கேட்ட பிள்ளைகள் குறைவு. நீ தேடுகிறது எல்லாம் தமிழில் இருக்கிறது. பாடத்திட்டத்தில் அந்தப் பக்கங்களைத் திறப்பதில்லை, அவ்வளவுதான்.

முதலில் பழையனூர் நீலி என்ற பேயின் கதை. "நீலிக் கண்ணீர்" என்று தினமும் சொல்கிறோமே, அவள்தான். முற்பிறவியில் கணவன் அவளைக் கொன்றுவிடுகிறான். மறுபிறவியில் அவன் வணிகன். அவனிடம் ஒரு மந்திரக் கத்தி இருக்கிறது, அது கையில் இருக்கும்வரை நீலியால் அவனைத் தொட முடியாது. இதோ உனக்குப் பிடித்த விதி! அவள் ஒரு கள்ளிக்கட்டையைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, "இவர் என் புருஷன், என்னை விட்டுவிட்டு ஓடுகிறார்" என்று பழையனூர் வேளாளர் எழுபது பேர் முன்னால் அழுகிறாள். பிள்ளையும் அவனைப் பார்த்துக் கை நீட்டுகிறது. ஊர் அவளை நம்புகிறது. கத்தியை வாங்கி வைத்துக்கொண்டு, "உனக்கு ஒன்று என்றால் நாங்கள் எழுபது பேரும் உயிர் கொடுக்கிறோம்" என்று வாக்குச் சொல்லி, இருவரையும் ஓர் அறையில் தங்க வைக்கிறார்கள். விடிந்து பார்த்தால் அவன் பிணம். எழுபது பேரும் சொன்ன சொல்லுக்காகத் தீயில் இறங்குகிறார்கள். ஏழாம் நூற்றாண்டில் சம்பந்தர், பழையனூரை அடுத்த திருவாலங்காட்டைப் பாடிய பதிகத்திலேயே இந்தக் கதையைக் குறிப்பிடுகிறார். நீ கேட்டாயே, "வாங்க" என்று சொல்கிற ஊரில் அவன் வந்து நின்றால் என்ன ஆகும் என்று. பழையனூரில் நடந்தது அதுதான். நல்லவர்களாக இருந்ததால்தான் அந்த எழுபது பேரும் ஏமாந்தார்கள்.

இரண்டாவது, மணிமேகலையில் சக்கரவாளக் கோட்டம் உரைத்த காதை. நகரத்தார் பூர்வீகம் காவிரிப்பூம்பட்டினம் என்று உங்கள் வீட்டில் சொல்லக் கேட்டிருப்பாய். அந்தப் பட்டினத்துச் சுடுகாடு இந்தக் காதையில் வருகிறது. எரிப்பவர், வெறுமனே போட்டுவிட்டுப் போகிறவர், குழி தோண்டிப் புதைப்பவர், தாழியில் கவிழ்ப்பவர் என்று எத்தனை வகையாக இறந்தவர்களை அனுப்பினார்கள் என்பதெல்லாம் இருக்கிறது. சார்ங்கலன் என்று ஒரு பையன் தனியாக அந்த வழியே போய்விடுகிறான். பேய் ஒன்று பிணத்தின் தலையை ஏந்திக்கொண்டு ஆடுவதைப் பார்க்கிறான். வீட்டுக்கு ஓடிவந்து தாயிடம் சொல்லிவிட்டு உயிரை விடுகிறான். அவன் தாய் கோதமை, கண் தெரியாதவள், பிள்ளையின் உடலைத் தழுவி எடுத்துக்கொண்டு போய்ச் சம்பாபதித் தெய்வத்திடம், "என் உயிரை எடுத்துக்கொண்டு அவனைத் திருப்பிக் கொடு" என்று வாதாடுகிறாள். எந்தத் தெய்வத்தாலும் அது ஆகாது என்று பதில் வருகிறது. நான் வகுப்பில் இதை வாசிக்கும்போது ஒவ்வொரு முறையும் அந்த இடத்தில் தொண்டை அடைத்துக்கொள்ளும்.

புதுமைப்பித்தனின் காஞ்சனை சிறுகதையும் படி. பட்டணத்துச் சாதாரண வீடு, எழுத்தாளர், மனைவி, வேலைக்கு வந்து சேரும் ஒரு பெண். கடைசி வரியைப் படித்துவிட்டு மறுபடி முதல் பக்கத்துக்குப் போவாய். மணிமேகலை மூலம் மதுரைத் திட்டம் தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. புதுமைப்பித்தன் நாட்டுடைமை ஆனவர், அவர் கதைகளையும் இணையத்தில் தேடினால் காசில்லாமல் படிக்கலாம். மணிமேகலையை மட்டும் உரையோடு வாசி, தனியாக மல்லாடாதே.

ஆத்தாவிடம் காரைக்கால் அம்மையாரைப் பற்றிக் கேள். வணிகர் வீட்டுப் பெண், பேய் வடிவம் வேண்டுமென்று சிவனிடம் கேட்டு வாங்கியவர். அவர் பாடிய மூத்த திருப்பதிகத்தில் ஆலங்காட்டுப் பேய்கள் நிறைந்திருக்கின்றன. அதைப் பூசை அறையில் வைத்துத்தானே ஓதுகிறோம்?

ரெண்டு_பிள்ளை_அம்மா பதில்:

நான் உன் ஆத்தா பக்கத்துலேருந்து பேசுறேன்மா, கோவிச்சுக்காதே. என் மூத்தவளும் இந்தப் புத்தகங்கள்ல மூழ்கிக் கிடந்தவதான். அப்படி என்னதான் இருக்குன்னு நானும் வாங்கிப் படிச்சேன். பேய் எனக்கு உறுத்தல. உறுத்தினது வேற. அந்த எட்வர்ட், கதாநாயகிக்குத் தெரியாமலே ராத்திரி அவ அறைக்குள்ள வந்து, அவ தூங்குறதைப் பார்த்துக்கிட்டு நிக்கிறான். அது அன்புன்னு எழுதியிருக்கு. கூப்பிட்டாத்தான் உள்ள வரலாம்ங்கிற பழைய விதியை எடுத்துட்டாங்கன்னு நீயே எழுதியிருக்கே. எனக்கு அந்த விதி வேணும்னு தோணுது. பொண்ணைப் பெத்தவங்களுக்குக் கட்டாயம் தோணும்.

இதை என் மகள்கிட்டச் சொன்னேன். முதல்ல சண்டை, அப்புறம் மூணு நாள் பேச்சு. நாலாம் நாள் அவளே வந்து, "அந்த இடம் மட்டும் எனக்கும் சரியாப் படலைம்மா"ன்னா. புத்தகத்தைப் பூட்டி வச்சிருந்தா அந்தப் பேச்சு எங்களுக்குள்ள நடந்திருக்காது. அதனால ஆத்தாகிட்டச் சண்டை போடாதே. அவங்க சமைக்கும்போது பக்கத்துல உட்கார்ந்து ஒரு அத்தியாயத்தைத் தமிழ்ல சொல்லு. கணக்குக்குத் தினம் ஒரு மணி நேரம்னு நீயே சொல்லிடு, சொன்னபடி செய்.

கோட்டையூர்_ஐயா பதில்:

ஆத்தாடி, ஒண்ணு சொல்றேன் கேளு. எங்க ஐயா, அப்பச்சியைப் பெத்தவுக, பதினாலு வயசுல மலாயாவுக்குக் கொண்டுவிக்க, அதாவது தொழில் பண்ணப் போனவுக. பெட்டியடிப் பையன்கிற கடைநிலை வேலைக்குப் போய், முதலாளோட உதவியாளான அடுத்தாளாகித் திரும்பினவுக. கடையும் தங்குற இடமுமா இருந்த கிட்டங்கியில எல்லாரும் வரிசையாப் பாயைப் போட்டுப் படுத்துக்கிட்டு, விளக்கை அணைச்சதும் மலாய்க்காரப் பேய்க்கதைதானாம். போந்தியானாக்னு பேரு. பிள்ளைப்பேத்துல செத்தவ. வாழைமரத்துல இருப்பா. அவ அழுகை பலமாக் கேட்டா ரொம்பத் தூரத்துல இருக்கான்னு அர்த்தம். மெதுவாக் கேட்டா பக்கத்துல நிக்கிறா. பிடரியில ஆணி அடிச்சுட்டா நல்ல அழகான பொண்ணா மாறிக் குடும்பம் நடத்துவா. ஆணியைப் பிடுங்கினா பழையபடி ஆயிருவா. விதி விதின்னு கேக்கிறியே, இதுல எத்தனை விதி பாரு. போர்னியோத் தீவுல அவ பேருலயே ஒரு நகரம் இருக்கு.

சின்ன வயசுல எங்க ஐயா இதைச் சொல்லும்போது, அழுகைச் சத்தத்தை முதல்ல பலமாப் பண்ணிக் காட்டுவாக. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக் குறைச்சுக்கிட்டே வருவாக. சத்தமே இல்லாமப் போறப்போ நாங்க ஆறு பேரும் அப்பத்தா மேல விழுந்திருப்போம். உங்க வீட்டுலயும் பர்மா, மலாயா போனவுக இருந்திருப்பாக. அவுக கொண்டுவந்த தேக்கையும் கண்ணாடியையும் பார்க்கிறோம், கொண்டுவந்த கதையைக் கேக்காம விட்டுட்டோம். உங்க அப்பத்தாகிட்டக் கேளு. இந்த வாரமே கேளு, தள்ளிப்போடாதே.

எங்க ஊர் ரோஜா முத்தையா அவுக பெயர்ப்பலகை எழுதுற ஓவியர். புத்தகமும் பத்திரிகையுமா ஏறத்தாழ 1 லட்சம் சேர்த்து வச்சுட்டு 1992ல காலமானாக. இன்னைக்கு அது சென்னையில அவுக பேருலயே ஆராய்ச்சி நூலகமா இருக்கு. இலக்கியம், மலிவுப் பதிப்புன்னு தள்ளாம எல்லாத்தையும் சேர்த்தாக. உங்க ஆத்தாகிட்ட இதையும் சொல்லு.

பட்டாலை_வாசகி மறுபடியும்:

எல்லாருக்கும் நன்றி. எட்டு நாள் கழிச்சு எழுதுறேன்.

டீச்சர், நீலி கதையை ஆத்தா தேங்காய் துருவுறப்போ சொன்னேன். கத்தியை வாங்கி வைக்கிற இடம் வந்ததும் துருவுறதை நிறுத்திட்டாங்க. "கொடுக்காதேன்னு சொல்ல ஒருத்தர்கூடவா இல்ல?"ன்னு கேட்டாங்க. முடிஞ்சதும் ரொம்ப நேரம் ஒண்ணும் பேசல. அப்புறம், "அது பொய் சொன்னாலும் அதுக்கு நடந்தது பொய் இல்லையே"ன்னாங்க. எனக்கு அது தோணவே இல்ல.

ரெண்டு பிள்ளை அம்மா, நீங்க சொன்னதை முதல்ல படிச்சப்போ கோபம்தான் வந்துச்சு. அந்த இடத்தைத் திரும்ப நினைச்சுப் பார்த்தேன். எட்வர்ட் கெட்டவன் இல்லைன்னுதான் இன்னும் நினைக்கிறேன். ஆனா நான் எழுதுற கதையில அவன் வாசல்லயே நிப்பான்.

ஆமா, எழுத ஆரம்பிச்சுட்டேன். அதுக்காகத்தான் அப்பத்தாகிட்ட அந்தச் சேலையைப் பத்திக் கேட்டேன். அரக்குல மஞ்சக் கரையாம். தவறிப்போனவங்க அப்பத்தாவோட அத்தையாம், அவங்களை அப்பத்தா பார்த்ததே இல்லையாம். ஆனா கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த முதல் வருஷம் படைப்புக்குச் சேலையைத் துவைச்சுக் காயப்போட்டது அப்பத்தாதானாம். அப்போ அப்பத்தாவுக்கு 17 வயசு. "என் வயசுப் பிள்ளை சேலைன்னு நினைச்சுக்கிட்டே பிழிஞ்சேன், கிழிஞ்சுருமோன்னு அழுத்திப் பிழியல"ன்னாங்க.

ஆத்தா ஒரு புத்தகத்தை மட்டும் வெளிய எடுத்துக் கொடுத்திருக்காங்க, மத்த மூணும் அரையாண்டுக்கு அப்புறம். தை மாசம் படைப்பு வருது. இந்தத் தடவை சேலையைத் துவைக்கும்போது நானும் கூட நிக்கட்டுமான்னு கேட்டிருக்கேன். கோட்டையூர் ஐயா, ஒரு சந்தேகம்: அந்த ஆணியை யார் பிடுங்குவாங்க, தெரியாமப் பிடுங்குறதா, தெரிஞ்சேவா? உங்க ஐயா எப்படிச் சொல்வாங்க?