‘வரம்பிகந்த ஒழுங்குவிதி’: ஒரு சொல் முன்மொழிவு

வணக்கம் அண்ணை,

அமைச்சர் ஒரு சட்டத்தின்கீழ் ஆக்கும் ஒழுங்குவிதி அந்தச் சட்டம் தந்த அதிகாரத்தைத் தாண்டுவதற்கு (ஆங்கிலத்தில் ultra vires) நீங்கள் முன்வைத்த ‘அதிகாரத் துஷ்பிரயோகம்’ என்ற சொல் பொருந்தாது. துஷ்பிரயோகம் என்றதும் கெட்ட நோக்கம் உள்ளே வந்துவிடும். நல்லெண்ணத்தோடு ஆக்கினாலும், தாய்ச்சட்டம், அதாவது அந்த விதியை ஆக்க இடம்விட்ட பாராளுமன்றச் சட்டம், கொடுத்த அதிகாரத்தைத் தாண்டினால் அமைச்சரின் நிதி ஒழுங்குவிதி செல்லாது. அந்தச் செல்லாமைக்குத்தான் சொல் தேடுகிறோம்.

2020 ஒக்டோபரில் இலங்கையில் இறக்குமதிச் சீனிக்கான வரி, அதுதான் விசேட வியாபாரப் பண்ட அறவீடு, கிலோவுக்கு 50 ரூபாயிலிருந்து 25 சதமாக இறக்கப்பட்டதே, நினைவிருக்கும். அரச வருமானம் போனது என்று எவ்வளவு சத்தம்! ஆனால் அது நல்ல முடிவா என்பது ஒரு கேள்வி, சட்டம் விட்ட எல்லைக்குள் நின்றதா என்பது வேறு கேள்வி. இந்த அறவீட்டுக்கான 2007ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கச் சட்டம் வர்த்தமானிக் கட்டளை மூலம் அறவீட்டைத் தீர்மானிக்க அமைச்சரை விடுகிறது. பண்டத்துக்கு அறவிடத் தந்த அந்த அதிகாரத்தைப் பிடித்துக்கொண்டு கடன் வட்டிக்கு வரி போட வெளிக்கிட்டால், அதுதான் நாங்கள் பெயர் வைக்கவேண்டிய இடம். அரசியலமைப்பின் 148ஆம் உறுப்புரை பொது நிதியின் முழுக் கட்டுப்பாட்டையும் பாராளுமன்றத்திடமே வைத்திருக்கிறது. 76ஆம் உறுப்புரைப்படி பாராளுமன்றம் தன் சட்டவாக்க அதிகாரத்தைத் துறக்கவோ பராதீனப்படுத்தவோ (பிறருக்குக் கைமாற்றவோ) முடியாது. குறித்த நோக்கங்களுக்குத் துணைநிலைச் சட்டவாக்கத்தை, அதாவது ஒரு சட்டத்தின்கீழ் விதி ஆக்குவதை, மட்டும் இன்னொருவரிடம் விடலாம். அமைச்சரின் பேனை அந்த விட்ட இடத்துக்குள்ளேதான் ஓடவேண்டும்.

மாங்குளப் பக்கம் கமக்காரர் அமைப்புக் கூட்டமொன்றில், இறக்குமதி அரிசிக்கு வரி கிலோவுக்கு 65 ரூபாய் என்ற கதை வந்தபோது ஒரு அம்மா கேட்டா: “உதை மினிஸ்டர் நினைச்சபாட்டுக்கு ஏத்தி இறக்கலாமோ?” செயலாளர் ‘சட்டவலுவுக்கு அப்பாற்பட்ட’ என்று தொடங்கினார், ஒருவருக்கும் ஏறவில்லை. பிறகு, “அவருக்கும் ஒரு வரம்பு கிடக்கு, அதைத் தாண்டி உழேலாது” என்றார். வயல்காரருக்கு அதற்குமேல் விளக்கம் வேண்டியிருக்கவில்லை.

ஆகவே என் முன்மொழிவு ‘வரம்பிகந்த’ (இகந்த என்றால் கடந்த). சட்டத்தமிழில் ஏற்கனவே புழங்கும் ‘வலுவிகந்த’ என்ற சொல்லோடு இது உறவாகவும் நிற்கும். பெயர்ச்சொல்லாக ‘வரம்பிகப்பு’, உள்ளே நிற்பதற்கு ‘வரம்புட்பட்ட’. ‘இகந்த’ இளையவர்களுக்குக் கடினம் என்றால் ‘வரம்புகடந்த’ என்று எழுதுவதில் எனக்கு மறுப்பில்லை, ஆனால் அன்றாடப் பேச்சில் ‘வரம்பு கடந்த கோபம்’ என்றும் வருவதால் கலைச்சொல்லுக்குரிய இறுக்கம் குறையும். தமிழ்நாட்டு நண்பர்கள் ‘விதிமுறை’ என்பார்கள். எங்கள் வர்த்தமானியில் ‘ஒழுங்குவிதி’ ஊன்றிவிட்டது, அதை மாற்றவேண்டாம்.

‘வரம்பிகப்பு’ பற்றி உங்கள் எண்ணத்தை எழுதுங்கோ அண்ணை. எனக்கு இன்னும் உறுத்துவது அந்த ஒன்றுதான்.