புதுப்பிப்பு: கனடா, எட்மன்டன் வீட்டு சைடிங், வேலை முடிந்தது

போன அக்டோபரில் கேட்டிருந்தேன்: 1,800 சதுர அடி வெளிச்சுவருக்கு வினைல் சைடிங் (சுவரை மூடும் பிளாஸ்டிக் பட்டைகள்) மாற்ற 3 கோட்டேஷன் வாங்கினேன், கூடியதற்கும் குறைந்ததற்கும் 9,000 டாலர் வித்தியாசம், ஏன் என்று. பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

வித்தியாசம் வினைலில் இல்லை. குறைந்த கோட்டேஷனில் "18 ஸ்கொயர்" என்று மட்டும் இருந்தது (ஒரு ஸ்கொயர் 100 சதுர அடி). பழையதைக் கழற்றுவது, குப்பை அகற்றுவது, ஹவுஸ்ராப் (சைடிங்குக்கு அடியில் சுற்றும் ஈரத்தடுப்புத் தாள்), ஜன்னல் ஓரத் தகடு எதுவும் அதில் சேரவில்லை. 5% ஜிஎஸ்டியும் தனி.

வடக்கு ஜன்னலுக்குக் கீழே பழைய சைடிங்கைக் கழற்றியபோதுதான் வயிறு கலங்கியது. உள்ளே இருந்த ஓஎஸ்பி பலகை (மரச் சீவல்களை ஒட்டிச் செய்தது), டீயில் நனைத்த பிஸ்கட் மாதிரி விரலோடு பிய்ந்து வந்தது. தகடு இல்லாததால் உருகிய பனி வருஷக்கணக்காக உள்ளே இறங்கியிருக்கிறது. 3 ஷீட் மாற்றினோம். அழுகல் இருந்தால் ஷீட்டுக்கு என்ன விலை என்று கையெழுத்துக்கு முன்பே எழுதி வாங்குங்கள், தயவுசெய்து.

"மே மாசம் வரைக்கும் பொறுங்க தம்பி" என்று ஒரு அண்ணன் சொன்னது ரொம்பச் சரி. கடுங்குளிரில் வினைல் நொறுங்கும். வெயிலில் நீளும், குளிரில் சுருங்கும் என்பதால் ஆணியை இறுக்கவும் கூடாது. வேலைக்கு வந்தவர் ஒவ்வொரு பட்டையையும் அடித்த பிறகு இடமும் வலமும் தள்ளிப் பார்த்தார். நகராவிட்டால் ஆணியைத் தளர்த்தினார். அந்தப் பொறுமைக்குக் கொடுத்த காசு எனக்கு உறுத்தவே இல்லை.

கராஜ் சுவர் மட்டும் பாக்கி.