தாத்தா 80: ஃப்ளெக்ஸுக்குப் படம்

பாபு: ஃப்ளெக்ஸ்காரர் இன்றைக்கே படம் கேட்கிறார். தாத்தா மூர் மார்க்கெட் வாசலில் நிற்பாரே, அது யாரிடம்?

சேலையூர் அத்தை: [படம்] இது ஆகுமா? ஃபார்வர்டில் வந்தது. 1960 மூர் மார்க்கெட்டாம்.

பெரியப்பா: அது மூர் மார்க்கெட் இல்லையம்மா. மவுண்ட் ரோடு ஸ்பென்சர். அதில் டிராம் ஓடுகிறது பார். டிராம் 1953லேயே நின்றுபோயிற்று. 1960 எங்கிருந்து வந்தது?

சேலையூர் அத்தை: ரெண்டும் சிவப்புக் கட்டிடம்தானே அண்ணா

சித்தப்பா: ரெண்டும் எரிந்ததும் சரி 😄

பெரியப்பா: சிரிக்காதே. ஸ்பென்சர் எரிந்தது 1983. மூர் மார்க்கெட் எரிந்தது 1985 மே 30. அதற்கு 1898ல் அடிக்கல், 1900ல் திறப்பு. ஒரு பக்கம் பழைய புத்தகம், கிராமபோன் தட்டு. இன்னொரு பக்கம் புறா, முயல், லவ் பேர்ட்ஸ். என் பள்ளிப் புத்தகமெல்லாம் அப்பா அங்கேதான் பேரம் பேசி வாங்குவார். பாதி விலை சொல்லிவிட்டு நடக்க ஆரம்பிப்பார், கடைக்காரர் பின்னாலேயே வருவார். தீப்பிடித்த மறுநாள் போனோம். கருகிய தாள் காலில் ஒட்டியது. அப்பா பஸ்ஸில் ஒரு வார்த்தை பேசவில்லை.

நிவி: இப்போ அங்கே என்ன பெரியப்பா?

பெரியப்பா: நீ தினம் ஆவடிக்கு ஏறுகிற இடம்தான். சென்ட்ரல் புறநகர் நிலையம். எம்.எம்.சி. என்று குறியீடு பார்த்ததில்லையா?

நிவி: அது மூர் மார்க்கெட்டா! எதிரே இருக்கிற மெடிக்கல் காலேஜ் என்று நினைத்தேன் 🙈

பாபு: படம்??

கனடா அத்தை: வீடு பிரித்தபோது ஆல்பத்தை யார் எடுத்தார்களோ அவர்களைக் கேள்.

சேலையூர் அத்தை: நான் எடுத்தது தையல் மெஷின் மட்டும்.

கனடா அத்தை: அதுவும் அம்மா எனக்குத் தருவதாகச் சொன்னதுதான் அக்கா

சித்தப்பா: சமையல்காரர் கேட்கிறார். அசோகாவா, காசி அல்வாவா?

நிவி: அசோகா

பெரியப்பா: அப்பாவுக்குச் சுகர்.

சித்தப்பா: அவருக்கு மட்டுமா பந்தி?

சேலையூர் அத்தை: [படம்] பரணில் டிரங்குப் பெட்டியில் இருந்தது. ஓரம் பூச்சி அரித்திருக்கிறது. அப்பா கையில் காலிக் கூண்டு, பக்கத்தில் அண்ணன் அழுகிறான்.

பெரியப்பா: அழவில்லை. வெயில் கண்ணில் பட்டது.

சித்தப்பா: கிளி வாங்கித் தரவில்லை என்று அழுதாயாம். அப்பாவே சொல்லியிருக்கிறார்.

பெரியப்பா: கட்டிடமே தெரியவில்லையே. ஒரு வளைவு மட்டும்தான்.

பாபு: அப்போ தாத்தாவை மட்டும் வெட்டி எடுத்துக்கொள்ளட்டுமா?

பெரியப்பா: வெட்டாதே.

பாபு: சரி. அந்த ஸ்பென்சர் படத்தை என்ன செய்ய? ஃப்ளெக்ஸ் பத்தடி.

கனடா அத்தை: அக்கா, மெஷின் இன்னும் ஓடுகிறதா?