தம்பி லெஸ்ரரில, டிசம்பர் லீவுக்கு வரேல்லையாம், என்ன செய்யலாம்?

திருநெல்வேலி அக்கா:
வணக்கம் எல்லாருக்கும், யாழ்ப்பாணத்தில இருந்து எழுதுறன். என்ர தம்பி செப்ரெம்பர் கடைசியில இங்கிலாந்துக்குப் படிக்கப் போனவன், லெஸ்ரரில, முதலாம் வருசம். ஒக்ரோபர் முழுக்க நல்ல சந்தோசமா இருந்தவன், மைக்ரோவேவில கோப்பி மக்கை வைச்சு புட்டு அவிச்சதையெல்லாம் வீடியோ கோல்ல காட்டிச் சிரிப்பான். இப்ப கொஞ்ச நாளா கோல் எடுத்தா ஓம், இல்லை எண்டதோட சரி. ஹொஸ்ரலில குசினியைப் பங்குபோடுற பெடியள் எல்லாம் கிறிஸ்மசுக்கு வீட்டை போகினமாம், இவன்தான் அந்த ஃபிளாற்றில தனிய நிக்கப்போறான். ரிக்கெற் விலை கேட்டாத் தலை சுத்துது, அம்மா வேற நகையை அடகு வைச்செண்டாலும் கூப்பிடுவம் எண்டு நிக்கிறா. இவன் என்னெண்டா லீவுக்குள்ள ஆரோ ஃபிரெண்டின்ர அக்கவுண்டை வாடகைக்கு எடுத்து சைக்கிளில சாப்பாடு டெலிவரி செய்யப்போறானாம். அது சரிவருமோ? அங்க போற ஒராளிட்ட சாமானும் குடுத்துவிடப் போறம், மிளகாய்த்தூள், புழுக்கொடியல், பருத்தித்துறை வடை, நெய்.

ஈஸ்ற்ஹாம் அண்ணை:
தங்கச்சி, முதல் வேலையா அந்த டெலிவரியை நிப்பாட்டச் சொல்லுங்கோ. அந்த அப்புகளில ஓடுறது சொந்தத் தொழில் கணக்கு, ஸ்ருடன்ற் விசாவில அது ஏலாது, அதிலும் வேற ஆக்களின்ர அக்கவுண்டில ஓடிப் பிடிபட்டா விசாவே போயிடும், குடுத்தவன் அந்த நேரம் ஃபோனும் எடுக்கமாட்டான். தம்பி டிகிரிதானே செய்யிறான், யூனி நடக்கேக்க கிழமைக்கு 20 மணித்தியாலம், திங்களில இருந்து ஞாயிறு வரைக்கும் எண்ணுவினம். யூனி தன்ர கலண்டரில லீவு எண்டு போட்ட நாளுகளில முழுநேரமும் செய்யலாம். கடையோ, வெயார்ஹவுஸோ, ஷெயார் கோட் (வேலை செய்ய அனுமதி இருக்கோ எண்டு முதலாளி ஒன்லைனில பாக்கிற இலக்கம்) வாங்கிப் பாத்து, பேஸ்லிப் எண்ட சம்பளத் துண்டு தாற இடமாப் பாக்கட்டும். கையில காசு தாறம் எண்டு எங்கட ஆக்களே கூப்பிடுவினம், அதுக்கும் போகவேண்டாம்.

உரும்பிராய் பிள்ளை:
அக்கா, நானும் இஞ்ச படிக்கிறன், போன வருசம் லீவுக்கு இஞ்சதான் நிண்டனான். அவன் கதைக்காததுக்கு உங்களில கோவமில்லை. நவம்பர் வந்தா நாலரைக்கெல்லாம் இருட்டு, டிசம்பரில நாலு மணிக்கு முன்னமே பொழுது பட்டிடும், லெக்சர் முடிஞ்சு வெளியில வந்தா இரவு மாதிரிக் கிடக்கும், ஒருத்தரோடையும் கதைக்க மனம் வராது. விற்றமின் டி குளிசை ஒண்டு வாங்கிப் போடச் சொல்லுங்கோ, 10 மைக்ரோகிராம் போதும், குளிர்காலத்தில எல்லாரையும் எடுக்கிறதைப் பற்றி யோசிக்கச் சொல்லி இஞ்சத்தை அரசாங்கச் சுகாதார சேவை, என்எச்எஸ்ஸே சொல்லுது.

லண்டனில தெரிஞ்ச ஆக்கள் இருந்தா ஃபிளாற் வெறுமையாக முதல் வெளிக்கிடட்டும். 24ம் திகதி பின்னேரத்தோட ரெயின் குறைஞ்சிடும், 25 அண்டைக்கு ரெயினே இல்லை, லண்டனுக்குள்ள ட்யூப்பும் பஸ்ஸும் ஓடாது, கடையும் கனக்கப் பூட்டு. இதை எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லை, அண்டைக்கு வீட்டுக்குள்ள பாணும் சம்பலும்தான். போகாட்டி யூனியில லீவுக்கு நிக்கிற வெளிநாட்டுப் பிள்ளையளுக்கு எதாவது ஒழுங்கு செய்வினம், மெயிலை வடிவா வாசிக்கட்டும். ஜனவரியில கன யூனியளில எக்ஸாம், அதால மூண்டு கிழமையும் வேலை வேலை எண்டு ஓடாம இருந்தா நல்லம்.

கோண்டாவில் மாமா:
எனக்கெண்டா முதல் வருசம் பெடியனைக் கூப்பிடுறதுதான் சரி, காசு பிறகும் வரும்.

உரும்பிராய் பிள்ளை:
மாமா, நகையை வைச்சுக் கூப்பிட்டா அவன் இஞ்ச திரும்பி வந்து அந்தக் காசை உழைக்கத்தான் ஓடுவான், அப்ப படிப்பு? நான் கண்ணால பாத்தனான். அக்கா, அம்மாட்ட கோல் எடுக்கிற நேரத்தை மாத்தச் சொல்லுங்கோ. ஒக்ரோபர் கடைசியோட நேர வித்தியாசம் அஞ்சரை மணித்தியாலமாயிட்டுது, அம்மா காலமை ஆறுமணிக்குக் கோயிலால வந்து எடுத்தா அவனுக்கு இரவு பன்னிரண்டரை. திருவெம்பாவை தொடங்கினா நாலு மணிக்கே எழும்புவாதானே, அப்ப அங்க பத்தரை, அந்த நேரம் எடுக்கட்டும். சங்குச் சத்தமும் கேட்கும் அவனுக்கு. சாப்பிட்டியோ, படிச்சியோ எண்டு விசாரணை வைக்காம ஊர்ப் புதினம் சொல்லட்டும், தானாக் கதைப்பான்.

ஈஸ்ற்ஹாம் அண்ணை:
நெய்யை விட்டிடுங்கோ, பால், இறைச்சிச் சாமான் கொண்டுவர விடமாட்டினம். மற்றதுக்குப் பயமில்லை, தூள் பைக்கற்றில என்ன எண்டு எழுதி ஒட்டுங்கோ.

திருநெல்வேலி அக்கா:
எல்லாருக்கும் நன்றி. டெலிவரி விசயம் கதைச்சிட்டன், கொஞ்சம் முறைச்சவன், பிறகு சரியெண்டான். அம்மான்ர ஒண்டுவிட்ட அண்ணை லண்டனில ஹரோவில இருக்கிறார், கனகாலமாத் தொடர்பில்லை, அம்மா இப்ப அவற்ற நம்பர் தேடித் திரியிறா. அண்ணை, நெய்யைப் பொதியில இருந்து வெளியில எடுத்தாச்சு, ஒடியல் மா ஒரு கிலோ வைக்கலாமோ?

ஈஸ்ற்ஹாம் அண்ணை:
தாராளமா. ரெண்டு கிலோவா வையுங்கோ, ஹரோ மாமாவுக்கும் ஒரு பங்கு குடுக்க வேணுமெல்லோ.